மறைவுத் திகதி

19.06.2023, திங்கள்

இன்று கடையில் ஐந்து பெனர் அடித்தோம். நாலு மரணம், ஒரு விளையாட்டுப் போட்டி. மழை பிடித்துவிட்டால் கண்டியில் வயதானவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் நம் கடை ஓடுகிறது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த ஒருவருக்குத் தகப்பனின் பிறந்த திகதி தெரியவில்லை. அடையாள அட்டையைப் பாருங்கள் என்றால், அதில் இருப்பது பிழை என்கிறார். கடைசியில் 'தோற்றம்' என்ற இடத்தில் வருடத்தை மட்டும் போட்டேன். பன்னிரண்டு வருடமாகக் கணினி முன் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன். தகராறு எல்லாம் தோற்றத்தில்தான். 'மறைவு' என்ற இடத்தில் யாரும் யோசித்து நின்று பார்த்ததில்லை.

வத்தேகம பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி.

20.06.2023, செவ்வாய்

கடை திறக்கும்போதே ஸாகி போனும் கையுமாக நின்றான். பெனர் அடிக்கும் மெஷின் அவன் பொறுப்பு. அலவத்துகொடையிலிருந்து வந்தாலும் எனக்கு முன்பே வந்துவிடுவான். நூறு வருடத்துக்கு முன் அட்லாண்டிக்கில் மூழ்கிய கப்பலைப் பார்க்க ஆழ்கடலுக்குள் போன சிறிய நீர்மூழ்கி ஒன்றைக் காணவில்லையாம். உள்ளே ஐந்து பேர். சுற்றுலாப் பயணம். தொண்ணூற்றாறு மணித்தியாலத்துக்குத்தான் உள்ளே காற்றாம்.

"எத்தன கப்பல், எத்தன பிளேன் தேடப் போயீக்குது பாருங்க அண்ணன். போன கெழம கிரேக்கத்துப் பக்கம் ஒரு போட்டு முழுகிச்சே, நூத்துக்கணக்குல சனம். அதுக்கு யாரும் மணி எண்ணல்லயே."

நாள் முழுக்க இதே பேச்சு. தேநீர்க்கடையில் முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர், போன வருடம் பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் கிடந்தபோது நம்மை யார் தேடினார்கள் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கடையில் பெனர் எடுக்க வந்த சிங்கள அம்மா மட்டும் தொலைக்காட்சியைப் பார்த்து "அனே பவ்" என்று பாவப்பட்டு நெஞ்சில் கை வைத்தார். காசைக் கொட்டிச் சாவை வாங்கியவர்களுக்கு என்ன பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

21.06.2023, புதன்

இன்று நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மத்தியானம் வேலை இல்லை. வழக்கமான மரண அறிவித்தல் மாதிரியை எடுத்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மாலை, நடுவில் அந்த நீர்மூழ்கியின் படம். 'ஆழ்கடலில் எம்மைவிட்டுப் பிரிந்த ஐவருக்குக் கண்ணீர் அஞ்சலி. என்றும் உங்கள் நினைவில், கண்டி வர்த்தக நண்பர்கள்.' கீழே 'மறைவு: 22.06.2023'. அதாவது நாளைக்கு. காற்று முடியும் நாள். பகிடியே அந்தத் திகதியில்தான். மற்றதெல்லாம் சுத்தமான அஞ்சலி. கடை பெயரோடு என் பேஸ்புக்கில் போட்டேன்.

மாலைக்குள் ஆயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவி கஜனியிடம் காட்டினேன். "அடப்பாவி" என்று சொல்லி அவளும் சிரித்தாள், பிறகு அவளுடைய பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

22.06.2023, வியாழன்

நாலாயிரத்து முந்நூறு பகிர்வு.

'திகதியை மாற்ற வேண்டி வருமா?' என்று ஒருவன். 'முற்பதிவு செய்பவர்களுக்குக் கழிவு உண்டா?' என்று இன்னொருவன். எங்கிருந்தோ ஒரு பெண், 'அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தாள். அவளுக்கும் சிரிப்புக் குறிகள்.

எங்கள் நேரத்துக்கு மாலை ஐந்து மணியளவில் காற்று முடியும் என்று ஸாகி கணக்குப் போட்டிருந்தான். ஐந்தாகும்போது நாங்கள் இரண்டு பேரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஐந்து பத்துக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார், எழுந்து போனேன்.

23.06.2023, வெள்ளி

முடிந்துவிட்டது. உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நேற்று இல்லையாம், ஞாயிற்றுக்கிழமையே நொறுங்கியிருக்கும் என்கிறார்கள். இறங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள். கடலுக்கடியில் அந்தச் சத்தம் அன்றைக்கே பதிவாகியிருக்கிறதாம்.

ஆக, நான் மணி பார்த்துக்கொண்டிருந்தது நாலு நாளைக்கு முன்பே இறந்தவர்களுக்கு. பிரார்த்தனை செய்தவர்கள், பந்தயம் கட்டியவர்கள், காற்றைக் கணக்குப் போட்டவர்கள், எல்லோரும் அப்படித்தான். ஸாகி இறந்தவர்களுக்காக 'இன்னாலில்லாஹி' சொன்னான். 

பதினொரு மணிக்கு முதலாளி திருச்செல்வம் அண்ணன் உள்ளே கூப்பிட்டார். வல்வெட்டித்துறைக்காரர், குரலை உயர்த்த மாட்டார். போனில் என் பெனர் இருந்தது.

"இது நீர் செய்ததோ?"

"ஓம் அண்ணே. தமாசுக்கு."

"செத்தவீட்டு வேலை செய்து சாப்பிடுறம் தம்பி. அதை வைச்சே சிரிக்கிறதோ? எடும் அதை."

எடுத்துவிட்டேன். என்னுடையதைத்தான் எடுக்கலாம். மற்றவர்கள் சேமித்து வைத்திருப்பதை என்ன செய்வது? அந்த ஐந்து பேரில் தகப்பனும் மகனும் போயிருக்கிறார்கள். மகனுக்குப் பத்தொன்பது வயது. இது செவ்வாய்க்கிழமையே தெரியும் எனக்கு. தெரிந்துதான் செய்தேன்.

25.06.2023, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை.

26.06.2023, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

பத்து மணி இருக்கும். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம், பெயர் வேலாயி. கொழுந்து எடுத்த கை, விரல் நுனியெல்லாம் கறுப்பு. கதிரையில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பொலித்தீன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கல்யாணப் படம், மணமகள் இருந்த பாதியை மடித்து மாப்பிள்ளை மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

"மகன் தம்பி. ரமேஸ். போன வருசம் சாமானெல்லாம் வெல ஏறுனப்ப போட்டுல வெளிநாடு போனான். சிலாபம் பக்கத்துலேருந்து. ஏதோ ஒரு தீவுல கேம்ப்ல இருந்தான். தைப்பொங்கலுக்கு மருமகக்கிட்ட பேசுனான், அங்கேருந்து இன்னொரு போட்டுல போறேன்னு. அதுக்கப்புறம் இல்ல. கடலோட போயிட்டான்னு எம்மனசுக்குத் தெரியுது."

நான் தலையாட்டினேன்.

"ஒடம்பு கெடைக்கல. தப்பு அடிக்கல, பாட கட்டல. எம்புள்ள செத்தது யாருக்குத் தெரியும்? தெருவுல கேக்குறாங்க, மகன் காசு அனுப்புறானான்னு. கருமாதி செய்யலாம்னா, சாவு சொல்லாம எப்புடி செய்யிறதுன்னு கேக்குறாங்க. அப்பதான் பக்கத்து வூட்டு பாலாம்பிகை போனுல ஒன்னு காட்டுச்சு. அந்த அஞ்சு பேருக்கு நீங்க போட்டது. நானே எழுத்துக்கூட்டி வாசிச்சேன். அவங்களுக்கும் ஒடம்பு கெடைக்கலயே தம்பி. இருந்தும் வெளக்கு வெச்சி, மால போட்டு, மரியாதயா போட்டிருக்கீங்க. யாரு எவருன்னு தெரியாதவங்களுக்கே போட்டவங்க எம்புள்ளைக்குப் போட மாட்டீங்களான்னு வந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புதன்கிழமை பார்த்தவர்களுக்கு அந்தத் திகதி பகிடி. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்த்தவருக்கு அது வெறும் திகதி. அந்த அம்மா பார்த்தது ஒரு நல்ல மனிதன் செய்த அஞ்சலியை. ஸாகி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவங்களுக்கு தேட ஆளு இருந்துச்சு. நாலே நாள்ல பெத்தவங்களுக்கு சொல்லிட்டாங்க. அது பெரிய புண்ணியம்" என்றார். அதில் பொறாமை ஒரு துளியும் இல்லை. நாங்கள் ஒரு வாரமாகப் பேசிய பேச்சில் ஒன்றைக்கூட இந்த அம்மா பேசவில்லை.

கோயில் பூசாரி, கடைசியாகக் குரல் கேட்ட நாளையே மறைந்த நாளாக வைக்கலாம் என்று சொன்னாராம். ஆகவே மறைவு, தைப்பொங்கல், 15.01.2023. கருமாதி ஜூலை ஒன்பதாம் திகதி. வியாழனுக்குள் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அது ஹஜ்ஜுப் பெருநாள், ஸாகி வரமாட்டான் என்பதுகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

27.06.2023, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடையில் வேலையாம், கடைச் சீருடையோடு வந்திருந்தாள். நேற்று மடித்துப் பிடித்திருந்த படத்தின் மறுபாதி. கிருஷாந்தி, ரமேஸின் மனைவி.

"அண்ணே, அந்த பெனர அடிக்காதீங்க."

அவர் உயிரோடு இருப்பதாக நம்புகிறீர்களா என்று கேட்டேன். 

"நீங்க அந்த அஞ்சு பேருக்குப் போட்டது தமாசுன்னு எனக்குத் தெரியும். மொத நாளே பாத்தேன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அத்தைக்கிட்ட நான் சொல்லல. பெருமையா சொல்லிக்கிட்டே இருக்கு, கண்டியில நல்ல மனுசங்க இருக்காங்கன்னு."

பிறகு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னதை இங்கே எழுதுகிறேன். ரமேஸ் கடைசியாகப் பேசியது போன வருடம் செப்டெம்பர் பதினொன்று, படகில் ஏறும் முன் கரையிலிருந்து. அவ்வளவுதான். தீவும் இல்லை, கேம்ப்பும் இல்லை. ஒரு மாதம் செய்தி இல்லாமல் போனதும் வேலாயி அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அதனால் தீபாவளிக்கு இவள், "எனக்கு வேலையிடத்துல கோல் வந்துச்சு, நல்லா இருக்காராம்" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா எழுந்து சாப்பிட்டார். பொங்கலுக்கும் சொன்னாள். அதற்கு மேல் பொய் சொல்ல முடியாமல், இன்னொரு படகில் போகிறாராம் என்று முடித்துவைத்தாள்.

"இப்ப பொங்கல் தேதியப் போட்டு வருசா வருசம் திதி குடுக்கப் போகுது அண்ணே. பொய்யான நாள்ல. என்னால சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. ரெண்டு நாள் குடுங்க. மெஷின் பழுதுன்னு சொல்லுங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவளை அதட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

28.06.2023, புதன்

வேலாயி அம்மா போன் எடுத்தார். மெஷின் பழுது என்றேன். "அவசரமில்ல தம்பி, நல்லா செஞ்சு குடுங்க" என்றார்.

திருச்செல்வம் அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர், "எங்கட வீட்டிலயும் தம்பியின்ர படம் ஒண்டு கிடக்கு. பதினாலு வருசம். அம்மா அதில திகதி போட விடேல்லை" என்றார். எந்தத் தம்பி, எங்கே என்று கேட்கவில்லை, 2009 என்று கணக்குத் தெரிகிறது. இத்தனை வருடம் ஒரே கடையில் இருந்தும் இது எனக்குத் தெரியாது.

"திகதி போடுற உரிமை வீட்டுக்காரருக்குத்தான். நீர் உமக்குத் தெரிஞ்சதைப் போடாதையும். அதுகள் வந்து சொல்லட்டும்."

29.06.2023, வியாழன்

ஸாகி இல்லாத கடை. மாலை அவன் வீட்டிலிருந்து பெருநாள் இனிப்பாக வட்டிலப்பம் வந்தது. ரமேஸின் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். மணமகளின் கை அவன் தோளில் இருக்கிறது, அதை அழித்தால் தோள் சரியாக வரவில்லை. மூன்று முறை செய்தேன். வேலை ஓடவில்லை.

30.06.2023, வெள்ளி

சொல்லாமல் வந்துவிட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாருடைய வீட்டு மரணமோ நீளமாக வெளியே வந்துகொண்டிருந்தது. வேலாயி அம்மா அதைப் பார்த்தார். "சரியாயிடுச்சு போல" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அப்படியே நம்பிச் சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போய்க் கிருஷாந்திக்குப் போன் போட்டேன். நான் உங்கள் அத்தையிடம் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன், வந்து சொல்லுங்கள் என்றேன். ஓடி வந்தாள், மூச்சிரைத்தது.

"அத்தை, பொங்கல் தேதி வேணாம். பொங்கலுக்கு அவரு பேசல."

"தீபாவளிக்குப் பேசுனானே."

"அதுவும் இல்ல. நான் சொன்ன பொய்யி. செப்டெம்பர் பதினொன்னுதான் கடைசி. நீங்க சாப்பிடணும்னு சொன்னேன். பெறகு மாத்த முடியல. அந்த அஞ்சு பேரு மொத நாளே போயிட்டாங்க, தெரியாம ஒலகமே நாலு நாளா மணி எண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு வாசிச்சேன் அத்தை. நானும் உங்கள அப்புடித்தானே எண்ண வெச்சேன். அன்னைலேருந்து தூக்கமில்ல எனக்கு."

வேலாயி அம்மா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். ஸாகி மெஷினை நிறுத்திவிட்டான்.

"தீபாவளிக்கு நான் வடை சுட்டேன்" என்றார் கடைசியில். "எம்புள்ள போயி ஒன்னர மாசத்துல அடுப்புல எண்ணச் சட்டி வெச்சிருக்கேன். லயத்துல எல்லா வூட்டுக்கும் பலகாரம் குடுத்தேன். புதுச்சீல உடுத்துனேன்."

சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, பண்டிகை இல்லை. அது எனக்கும் தெரியும். ஒரு தாய் அதை மகனுக்குச் செய்யாமல் விட்டதும், விட்டது தெரியாமல் சந்தோஷமாக இருந்ததும், அந்த ஒரு பேச்சில் வந்துவிட்டன. கிருஷாந்தி காலில் விழப் போனாள். அம்மா தடுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. என்னைப் பார்த்து, "அந்தத் தேதியப் போடுங்க தம்பி" என்றார்.

எழுந்து தனியாக பஸ் நிலையத்துக்கு நடந்தார். கிருஷாந்தி கொஞ்ச தூரம் பின்னால் போய்விட்டு நின்றுவிட்டாள்.

தட்டச்சு செய்தேன். மறைவு: 11.09.2022. எட்டு எண், இரண்டு புள்ளி. 

02.07.2023, ஞாயிறு

கஜனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போட்ட பாடசாலைக் குழுவில் தேடினாள், அது மேலே எங்கேயோ போய்விட்டது. "அந்த அம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு இருக்கிற ஒரே நல்ல நினைப்பு அதுதானே, அதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று ஒரு மனம். அப்படி நினைத்துத்தானே கிருஷாந்தியும் தொடங்கினாள் என்று இன்னொரு மனம்.

05.07.2023, புதன்

பெனரைக் கிருஷாந்தி வந்து வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் இன்னும் பேச்சில்லையாம். ஆனால் அத்தை இவளுக்குச் சோறு போட்டு மூடி வைத்திருக்கிறாராம்.

09.07.2023, ஞாயிறு

தெல்தோட்டை போய் வந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பும் பாதையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே பெனரைக் கட்டியிருந்தார்கள். போகிறவர்கள் நின்று வாசித்தார்கள். ஒரு கிழவர் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். காலையில் ஆற்றோரத்தில் வாழையிலையில் படத்தை வைத்துக் காரியம் செய்து முடித்திருந்தார்கள்.

வீட்டுக்குள் உறவுப் பெண்கள் கிருஷாந்தியைப் பற்றி முணுமுணுத்தது எனக்கே கேட்டது. புருசன் சாவையே மறைத்தவள் என்று. வேலாயி அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்தார். "எனக்கு சோறு எறங்கணும்னு சொன்ன பொய்யி. கேக்குறதுன்னா என்னைய கேளுங்க" என்றார். அத்தோடு பேச்சு நின்றது.

பந்தியில் என்னை முதல் ஆளாக உட்கார வைத்தார். உறவுக்காரர்களிடம் சொன்னார்: "கடல்ல போன அந்த அஞ்சு பேருக்கும் இவருதான் போட்டாரு. மரியாதக்காரரு." எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சோற்றில் கை வைக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலியில் அந்த அம்மா அண்டா கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அம்மா, அத நான் மரியாதைக்குப் போடல. சிரிக்கிறதுக்குப் போட்டேன். அவங்க உசுரோட இருக்காங்கன்னு எல்லாரும் தேடிக்கிட்டு இருந்த நேரத்துல, மறுநாள் தேதியப் போட்டு… ஆயிரக்கணக்குல சனம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் முகத்தையே பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அதுல தகப்பனோட ஒரு புள்ள போனுச்சாமே" என்றார். "அந்தப் புள்ளையோட அம்மா அதப் பாத்துச்சா?"

"இல்லம்மா. தமிழ்ல இருந்தது. பாத்திருக்க மாட்டாங்க."

"தெரியுமா, இல்ல நீங்களா நெனச்சுக்கிறீங்களா?"

"தெரியாது" என்றேன்.

அவர் அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"போயி சாப்புடுங்க. எலய அப்புடியே விட்டுட்டு வந்திருக்கீங்க."

போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்கள். சோறு ஆறியிருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.